சீஃபேர் வார இறுதி: வாஷிங்டன் ஏரி மூடும்போது சின்னப் படகுக்கு எங்கே இடம்?

கிர்க்லாந்துக்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். ஆகஸ்ட் தொடக்கத்தில் சியாட்டிலில் வரும் சீஃபேர் திருவிழா வார இறுதிக்குப் படகை எடுக்கலாம் என்று இருக்கிறோம். படகு 22 அடி பௌரைடர் (முகப்பில் திறந்த இருக்கை உள்ளது), ஸ்டெர்ன்டிரைவ் (எஞ்சின் உள்ளே, புரொப்பெல்லர் பகுதி பின்னால் வெளியே), பெட்ரோல் எஞ்சின். பேட்டரி ஒன்றுதான். நங்கூரக் கயிறு 100 அடி. பெரியவர்கள் ஆறு பேர், 7, 10 வயதில் இரண்டு பிள்ளைகள். புளூ ஏஞ்சல்ஸ் விமான சாகசம் பார்க்க வேண்டும், ஹைட்ரோபிளேன் (அதிவேகப் பந்தயப் படகு) பந்தயம் கிடைத்தால் நல்லது. பந்தயப் பாதையோரம் படகு கட்டும் லாக் பூமில் இடம் பதிவு செய்யவில்லை. ஏரியின் குறுக்கே உள்ள ஐ-90 நெடுஞ்சாலைப் பாலத்தை எத்தனை மணிக்குள் தாண்ட வேண்டும்? மூடிய பிறகு தெற்கே போக வழி உண்டா? கூட வரும் இன்னொரு படகோடு சேர்த்துக் கட்டிக்கொள்ளலாமா? பிள்ளைகள் தண்ணீரில் இறங்கலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தெற்கேரி:
அந்த வார இறுதியில் ஏரியின் ஒரே பகுதி மீது இரண்டு தடைகள் விழுகின்றன. ஒன்று ஹைட்ரோபிளேன் பந்தயத்துக்கானது, மற்றது விமான சாகசத்துக்கானது. இரண்டின் எல்லையும் நேரமும் வேறு வேறு. ஒன்றை மட்டும் படித்துவிட்டு வருகிறவர்கள்தான் காவல் படகிடம் மாட்டுகிறார்கள்.

பந்தயத் தடைக்கு வடக்கெல்லை ஐ-90 மிதவைப் பாலம். மேற்கே சியாட்டில் கரை, கிழக்கே மெர்சர் தீவின் கரை. தெற்கெல்லை, செவார்டு பார்க் இருக்கும் பெய்லி தீபகற்பத்தைத் தொட்டுக் கிழக்கு மேற்காக இழுத்த கோடு. இந்தப் பரப்பை இரண்டாகப் பிரிக்கிறார்கள். பந்தயப் பாதை இருக்கும் மேற்குப் பாதி மண்டலம் 1, மெர்சர் தீவுப் பக்கம் இருப்பது மண்டலம் 2. மண்டலம் 1-க்குள் அனுமதி பெற்ற படகைத் தவிர எதுவும் நுழைய முடியாது. மண்டலம் 2-ல் போகலாம், ஆனால் குறைந்த அலையோடு, அதிகபட்சம் மணிக்கு 7 மைல். ரோந்து அதிகாரி அதையும் குறைக்கச் சொல்லலாம். விதிப்படி இது காலை 8 முதல் இரவு 11:59 வரை அமலில் இருக்கும்.

விமான சாகசத் தடை காலை 8 முதல் மாலை 4 வரை. இது பரப்பில் பெரியது. பாலத்தோடு நிற்காமல் பாலத்துக்கு வடக்கேயும் கொஞ்ச தூரம், மெர்சர் தீவின் வடமேற்குக் கரை வரை நீள்கிறது. தெற்கே அதே செவார்டு பார்க் கோடு, மேற்கே ஆண்ட்ரூஸ் பே என்ற சிறு விரிகுடாவின் கரையும் உள்ளே வந்துவிடும். நிகழ்ச்சி அமைப்பாளரிடம் பதிவு செய்த படகும், கோஸ்ட் கார்டு (கடலோரக் காவல் படை) அனுமதித்த படகும் மட்டுமே இதற்குள் இருக்கலாம். “பாலத்துக்கு வடக்கே நின்றால் போதும்” என்று பலர் சொல்வது இதனால் பாதிதான் சரி. பாலத்தை ஒட்டி நின்றால் நீங்கள் தடைக்குள்தான் இருக்கிறீர்கள்.

எந்தெந்த நாள் என்பதை ஆண்டுதோறும் கோஸ்ட் கார்டு அறிவிக்கும். கடலோடிகளுக்கான வாராந்திர உள்ளூர் அறிவிப்பில் வரும். அன்றன்றைய மாற்றங்களை வி.எச்.எஃப். படகு ரேடியோவில் சேனல் 16-ல் சொல்லிவிட்டு 22ஏ-யில் படிப்பார்கள். போன வருஷத்துப் படத்தை வாட்ஸ்அப்பில் யாராவது அனுப்பினால் அதை நம்பிக் கிளம்பாதீர்கள்.

பாய்மரம்47:
தெற்கேரி சொன்னதோடு வழியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாலத்துப் பக்கம் மூடிவிட்டால் மெர்சர் தீவைக் கிழக்கே சுற்றிக்கொண்டு போகலாம். ஈஸ்ட் சேனல் வழியாக இறங்கி, தீவின் தென்முனையைச் சுற்றி, செவார்டு பார்க்கின் கிழக்குப் பக்கம் வரை வர முடியும். தீவின் நீளமே சுமார் 5 மைல். அதனால் இது சின்னச் சுற்று இல்லை. நெரிசலில் மெதுவாகப் போனால் ஒரு மணி நேரத்துக்கும் மேலாகும், எரிபொருளும் அதற்கேற்ப வேண்டும். பாய்மரப் படகுகளுக்கு எந்த நாளிலும் இந்த வழிதான் வசதி. ஐ-90 மிதவைப் பாலத்தின் முனைகளில் இருக்கும் உயரப் பகுதிகள் பெரும்பாலான பாய்மரங்களுக்குப் போதாது, ஈஸ்ட் சேனல் பாலம் நன்றாக உயரம். உங்களுக்கு உயரம் ஒரு பிரச்சினை இல்லை, வழி மட்டும்தான் தேவை.

உங்களிடம் டிரெய்லர் இருந்தால் இன்னொன்று யோசிக்கலாம். கிர்க்லாந்தில் இறக்கிப் பாலத்தோடு போராடுவதற்குப் பதில், தெற்கே ரென்டனில் ஜீன் கூலன் பார்க் ராம்பில் (படகு இறக்கும் சரிவு) இறக்கினால் தடையைத் தொடாமலேயே செவார்டு பார்க் கோட்டின் தெற்குப் பக்கம் வந்துவிடலாம். ரெய்னியர் பீச் பக்கம் அட்லான்டிக் சிட்டி ராம்பும் உண்டு. கிழக்கில் பெல்வியூவின் எஸ்.இ. 40 தெரு ராம்ப், ஈஸ்ட் சேனலுக்குப் பக்கத்திலேயே. ஸ்டான் சேயர்ஸ் ராம்ப் பக்கம் போகவே வேண்டாம், அதுதான் ஹைட்ரோபிளேன்களின் பிட்ஸ், அவற்றைத் தயார் செய்யும் இடம். எந்த ராம்பாக இருந்தாலும் டிரெய்லர் நிறுத்துமிடம் காலையிலேயே நிரம்பிவிடும். 7 மணிக்குள் போகாவிட்டால் படகு தண்ணீரில் இருக்கும், வண்டிக்கு இடம் இருக்காது.

நங்கூரக்கயிறு:
100 அடிக் கயிறு என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் திட்டம் முழுவதும் அதில்தான் நிற்கிறது.

வாஷிங்டன் ஏரி ஆழமான ஏரி, அதிக ஆழம் 214 அடி. கரையிலிருந்து கொஞ்சம் விலகினாலே ஆழம் வேகமாக இறங்கும். நங்கூரம் பிடிக்க, ஆழத்தோடு முகப்பின் உயரத்தைக் கூட்டி, அதைப்போல் குறைந்தது ஐந்து மடங்கு கயிறு விட வேண்டும். காற்றும் அலையும் இருந்தால் ஏழு மடங்கு. உங்கள் முகப்பு தண்ணீரிலிருந்து 3 அடி என்று வைத்துக்கொண்டால், 30 அடி ஆழத்தில் 33 × 5 = 165 அடி தேவை. கையில் இருக்கும் 100 அடியை வைத்து 17 அடி ஆழத்தில்தான் ஒழுங்காக நங்கூரமிட முடியும். அந்த 17 அடி ஆழம் எங்கே இருக்கிறது? கரையை ஒட்டி, மில்ஃபாயில் பாசி அடர்ந்து வளரும் அதே பட்டையில். அங்கே டான்ஃபோர்த் வகை நங்கூரம் தரையைத் தொடுவதற்கு முன்பே பாசியைச் சுருட்டிக்கொள்ளும். கையால் இழுத்துப் பார்த்தால் பிடித்ததுபோல் இருக்கும், ஆனால் சேற்றில் இறங்கியிருக்காது. பக்கத்துப் படகின் அலை இரண்டு தடவை தூக்கிப் போட்டால் கிளம்பிவிடும்.

ஆகவே 200 அடி, 3/8 அங்குல முறுக்கு நைலான் கயிறு வாங்குங்கள். முன்னால் 15 முதல் 20 அடி, 1/4 அங்குலச் சங்கிலி. சங்கிலியின் எடைதான் நங்கூரத்தின் தண்டைக் கிடையாக வைத்து உள்ளே இறங்கச் செய்கிறது. கயிற்றில் 25 அடிக்கு ஒரு அடையாளம் கட்டிவிடுங்கள். பரபரப்பில் எவ்வளவு விட்டோம் என்று யாரும் எண்ண மாட்டார்கள்.

போட்ட பிறகு ரிவர்ஸில் மெதுவாக இழுத்து, கரையில் இரண்டு பொருள்களை நேர்கோட்டில் வைத்துப் பாருங்கள். ஒரு மரமும் அதன் பின்னால் ஒரு வீட்டுக் கூரையும் போதும். அவை ஒன்றையொன்று விட்டு விலகினால் நங்கூரம் இழுபடுகிறது என்று அர்த்தம்.

ஏரியின் மிதவைப் பாலங்கள் எதற்கும் பக்கத்தில் எந்தக் காரணத்துக்காகவும் நங்கூரம் போடாதீர்கள். பாலங்களைப் பிடித்து நிறுத்தும் கேபிள்கள் தண்ணீருக்கடியில் இருபுறமும் வெகுதூரம் ஓடுகின்றன. அதில் மாட்டினால் கயிற்றை அறுத்துவிட்டுத்தான் வர வேண்டும்.

கிர்க்லாந்துக்காரன்:
நன்றி அண்ணா. கயிறு மாற்றிவிடுகிறேன். அப்படியானால் ஆண்ட்ரூஸ் பே சரியா, இல்லை வடக்கே நிற்பதா?

பெல்வியூ_அம்மணி:
பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதை வைத்து ஒவ்வொன்றாகப் பார்க்கலாம் தம்பி.

லாக் பூம் என்பது ஒன்றோடொன்று கோத்து நங்கூரமிட்ட மிதக்கும் மரக்கட்டை வரிசை. பந்தயத்தை அதைவிடக் கிட்டத்தில் தண்ணீரிலிருந்து பார்க்க முடியாது. இடம் பதிவு செய்து, பணம் கட்டி, சொன்ன நேரத்தில் போய்க் கட்ட வேண்டும். கட்டிவிட்டால் நினைத்த நேரத்தில் கிளம்ப முடியாது. கேபினும் கழிப்பறையும் உள்ள 35 அடிப் படகுக்கு அது பொருத்தம். நிழல் இல்லாத பௌரைடரில் 7 வயதுப் பிள்ளையை எட்டு மணி நேரம் வெயிலில் உட்கார வைக்க நான் சொல்ல மாட்டேன்.

ஆண்ட்ரூஸ் பே செவார்டு பார்க்கின் மேற்கே, காற்றுக்கு மறைவான இடம். நங்கூரமிட்டுத் தங்க ஏற்ற இடம் என்பதால் வெள்ளிக்கிழமையே நிரம்பத் தொடங்கும். ஆனால் மேலே தெற்கேரி சொன்னபடி அது சாகசத் தடையின் கோட்டுக்குள் வருகிறது. அங்கே ஏற்கனவே நிற்கும் படகுகளுக்கு என்ன ஏற்பாடு என்பது அந்த ஆண்டு அறிவிப்பையும் ரோந்துக்காரர்களையும் பொறுத்தது. நங்கூரத்தைப் போடுவதற்கு முன்பே ரோந்துப் படகை மெதுவாக நெருங்கிக் கேட்டுவிடுங்கள். “இங்கே நிற்கலாமா, எத்தனை மணி வரை நகரக் கூடாது” என்ற இரண்டு கேள்வி போதும்.

மூன்றாவது, தடைக்கு வெளியே வடக்கே, மாட்ரோனா பார்க் பக்கமோ மெடினா பக்கமோ நிற்பது. பலர் இதைக் குறைவாக நினைக்கிறார்கள். புளூ ஏஞ்சல்ஸ் வட்டமடித்துத் திரும்ப மைல் கணக்கில் இடம் எடுத்துக்கொள்வார்கள், அந்தத் திருப்பங்கள் உங்கள் தலைக்கு மேலேயே நடக்கும். பந்தயம் தெரியாது. ஆனால் பிள்ளை அழுதால் அரை மணியில் கிர்க்லாந்து போய்ச் சேரலாம். முதல் வருஷத்துக்கு இதைத்தான் சொல்வேன்.

தெற்கேரி:
அம்மணி சொன்ன மூன்றாவதோடு நான் பாதிதான் ஒத்துப்போகிறேன். வடக்கே மாட்ரோனா பக்கம் நடு ஏரியில் நங்கூரம் போட முடியாத ஆழம். எஞ்சினை ஓட்டிக்கொண்டே மிதக்க வேண்டியிருக்கும். வட காற்று அடித்தால் கவனிக்காத பத்து நிமிஷத்தில் படகு பாலத்தை நோக்கித் தள்ளப்பட்டுத் தடைக்குள் போய்விடும். எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒருவர் வானத்தைப் பார்க்காமல் படகை மட்டும் பார்க்க வேண்டும், அரை மணிக்கு ஒருமுறை ஆள் மாற்றிக்கொள்ளுங்கள். போன் வரைபடத்தில் எல்லைக் கோட்டை முன்கூட்டியே குறித்து, அதற்கு வடக்கே கால் மைல் தள்ளி உங்கள் சொந்தக் கோடு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வைத்துவிடுங்கள். அத்தனை கூட்டத்தில் அலைபேசி இணையத்தை நம்ப முடியாது.

பாலத்துக்குப் பக்கம் போகாமலிருக்க இன்னொரு காரணமும் உண்டு. மிதவைப் பாலத்தின் பக்கச் சுவர் செங்குத்தான கான்கிரீட். கரையில் அடிக்கும் அலை மணலில் சாகும். இங்கே அடிக்கும் அலை அப்படியே திரும்பி வரும். நூற்றுக்கணக்கான படகுகள் எழுப்பும் அலையும் திரும்பி வரும் அலையும் மோதி, சுவரை ஒட்டிய தண்ணீர் ஒழுங்கில்லாமல் கொதிக்கும். பௌரைடரின் திறந்த முகப்பில் அது நேராக உள்ளே விழும். பாலத்தைக் கடக்கும்போது முகப்பில் யாரையும் உட்கார வைக்காதீர்கள். எடையைப் பின்னால் மாற்றினால் முகப்பு சற்று உயரும்.

டீசல்வாசம்:
7 மைல் வேகம் பற்றி ஒரு திருத்தம். விதியின் முதல் பாதி “குறைந்த அலை”, இரண்டாம் பாதிதான் 7 மைல். 22 அடிப் படகின் நீர்க்கோட்டு நீளம் சுமார் 20 அடி. அதன் இயல்பான மேல்வேகம் 1.34 × √20, அதாவது 6 நாட், மணிக்குக் கிட்டத்தட்ட 6.9 மைல். ஆகவே சரியாக 7 மைலில் போகும்போது படகு தன் சொந்த அலையில் ஏறத் தொடங்கும், பின்னால் நல்ல அலை எழும்பும். வேகமானி சட்டத்துக்குள் காட்டும், ஆனால் பக்கத்தில் சேர்த்துக் கட்டியிருக்கும் படகுகளின் கயிறு வெட்டி இழுக்கும். உங்கள் அலையால் நேரும் சேதத்துக்கு நீங்கள்தான் பொறுப்பு. 4, 5 மைலில் போங்கள். திரும்பிப் பாருங்கள், பின்னால் வெள்ளை நுரை இருந்தால் இன்னும் குறையுங்கள்.

லேக் யூனியனிலிருந்து வருபவர்களுக்கு: கப்பல் கால்வாயிலும் அதன் குறுகிய பகுதியான மான்ட்லேக் கட்-இலும் உச்ச வேகம் 7 நாட். அதையும் நேரக் கணக்கில் சேருங்கள்.

நங்கூரக்கயிறு:
படகுகளைச் சேர்த்துக் கட்டுவது பற்றிக் கேட்டிருந்தார். லாக் பூமில் கட்டினால் ஒரு குழுவுக்கு மூன்று படகு வரைதான். மண்டலம் 2-ல், லாக் பூமில் கட்டாத படகுகள் ஆறு வரை சேரலாம். உங்களுடையது இரண்டே படகு, விதியில் சிக்கல் இல்லை.

கட்டும் முறை இதுதான். பெரிய படகு மட்டும் நங்கூரமிடட்டும். அது நன்றாகப் பிடித்து, பத்து நிமிஷம் நின்ற பிறகு அடுத்தது வரட்டும். வருவதற்கு முன்பே ஃபெண்டர்களை (உரசலைத் தாங்கும் மெத்தைகள்) தொங்கவிடுங்கள், பக்கத்துக்கு மூன்று, இரண்டு படகின் உடலும் எங்கே அகலமோ அங்கே. முதலில் முகப்புக் கயிறு, பிறகு பின்புறக் கயிறு. இதோடு நிறுத்திவிட்டால் ஒவ்வொரு அலைக்கும் படகுகள் முன்னும் பின்னும் உரசும், ஃபெண்டர் உருண்டு மேலே வந்துவிடும். அதனால் குறுக்குக் கயிறு இரண்டு கட்டாயம்: என் முகப்பிலிருந்து உங்கள் பின்பக்கம், என் பின்பக்கத்திலிருந்து உங்கள் முகப்பு. இந்த இரண்டுதான் படகுகளை ஒரே உடம்பாக ஆட வைக்கும். அலை வரும்போது இடையில் கையையோ காலையோ கொடுத்துத் தடுக்கப் போகவே கூடாது. இரண்டு டன் படகைத் தடுக்க எலும்பால் முடியாது.

இரண்டு படகும் தனித்தனி நங்கூரம் போட வேண்டாம். காற்று திரும்பினால் மொத்தக் கூட்டமும் சுழலும், இரண்டு கயிறும் பின்னிக்கொள்ளும். சுழலும் வட்டம் உங்கள் கயிற்று நீளத்துக்குப் பெரிதாகும் என்பதை வைத்து அக்கம்பக்கத்துப் படகுகளிடமிருந்து இடைவெளி விடுங்கள்.

வல்வைத்தோணி:
அண்ணைமார், கயாக், பேடில்போர்டு (நிண்டு துடுப்புப் போடுற பலகை) பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லை. நிறையப் பேர் மவுண்ட் பேக்கர் கடற்கரைப் பக்கத்தால இறங்கினால் தடை தங்களுக்கு இல்லை எண்டு நினைக்கினம். அப்பிடி இல்லை. பேடில்போர்டும் சட்டப்படி படகுதான். ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் இருக்கவேணும், விசில் வேணும். பந்தயப் படகுகள் பாதையில நிக்கேக்க மண்டலம் 1-ல ஒருத்தரும் தண்ணிக்குள்ள இறங்கேலாது. மற்ற நேரம் கரையால இறங்கினால் மிதவை போட்ட நீச்சல் கோட்டுக்கு மேற்காலதான் நிக்கலாம். மண்டலம் 2-ல படகில இருந்து இறங்கினால் படகுக்குப் பத்து அடிக்குள்ள.

காத்தடிச்ச பெரிய மிதவைகளைப் படகுக்குப் பின்னால கட்டி இழுக்கிறதுக்கும் அங்க அனுமதி இல்லை. பிள்ளைகளுக்கு அதைக் கொண்டு போறதெண்டால், படகு நிக்கேக்க மட்டும், கயிறைப் பத்து அடிக்குக் குறைவாக் கட்டுங்கோ. பொழுதுபட்ட பிறகு கயாக்கில வாறவை ஒரு வெள்ளை டோர்ச்சைக் கையோட வச்சிருக்கோணும். கறுப்பு ஜாக்கெட்டோட இருட்டில வாற கயாக்கை மோட்டார் படகில இருந்து காணவே ஏலாது.

பெல்வியூ_அம்மணி:
வல்வைத்தோணி சொன்ன பத்து அடியை வைத்து ஒரு முக்கியமான விஷயம். அதே பத்து அடிதான் புகைபோக்கி இருக்கும் இடமும்.

பௌரைடரின் நீச்சல் படி எஞ்சின் புகை வெளியேறும் இடத்துக்கு நேர் மேலே. கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது. படகு நின்றபடி எஞ்சின் ஓடினால் அந்தப் படியைச் சுற்றியும் அடியிலும் அது தேங்கும். படியில் உட்கார்ந்து காலை ஆட்டும் பிள்ளை தலைவலி என்று சொல்வதற்கு முன்பே மயங்கித் தண்ணீரில் சரியும். பார்ப்பவர்கள் நீரில் மூழ்கியதாகத்தான் நினைப்பார்கள். சேர்த்துக் கட்டியிருந்தால் ஆபத்து இரட்டிப்பு, பக்கத்துப் படகின் ஜெனரேட்டர் புகை உங்கள் படகுக்குள் வரும். எஞ்சின் ஓடினால் தண்ணீரில் யாரும் இல்லை, படியிலும் யாரும் இல்லை. இதைப் படகில் ஏறுமுன் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். பக்கத்துப் படகில் ஜெனரேட்டர் ஓடினால் தயங்காமல் போய்க் கேளுங்கள், இல்லை இடம் மாறுங்கள்.

லைஃப் ஜாக்கெட்: வாஷிங்டன் மாநிலச் சட்டம் 19 அடிக்குக் குறைந்த படகில் 12 வயதுக்கும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகள் அணிந்தே இருக்க வேண்டும் என்கிறது. உங்களது 22 அடி, கட்டாயமில்லை. அன்றைக்கு இருக்கும் அலைக்கு அணிவித்தே வையுங்கள். எட்டுப் பேருக்கும் அவரவர் அளவில் ஒன்று, எறிவதற்கு ஒரு மிதவை, இது கட்டாயம். ஓட்டுபவர் 1955 ஜனவரி 1-க்குப் பின் பிறந்தவர் என்றால் படகோட்டிக் கல்வி அட்டை கையில் இருக்க வேண்டும். குடித்துவிட்டு ஓட்டுவதற்கு வரம்பு 0.08, காரைப் போலவேதான். அந்த வார இறுதியில் சோதனை கடுமையாக இருக்கும்.

டீசல்வாசம்:
பேட்டரிக்கு வருகிறேன். ஒரே பேட்டரி, 24 அளவு என்றால் சுமார் 75 ஆம்பியர் மணி. ஆம்ப்ளிஃபயரோடு பாட்டு 5 ஆம்பியர், சின்னக் குளிர்பெட்டி 4 ஆம்பியர் இழுக்கும். மொத்தம் 9. நாலு மணி நேரத்தில் 36 ஆம்பியர் மணி, பாதி தீர்ந்துவிட்டது. பாட்டு இன்னும் நன்றாகத்தான் கேட்கும், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் ஸ்டார்ட்டர் மோட்டார் நூற்றுக்கணக்கில் ஆம்பியர் கேட்கும்போது வெறும் டிக் சத்தம்தான் வரும். அதுவும் எல்லாப் படகும் ஒரே நேரத்தில் கிளம்பும்போது.

நல்ல தீர்வு இரண்டாவது பேட்டரி, நடுவில் தேர்வுச் சுவிட்ச். நங்கூரமிட்டதும் சுவிட்சை 2-க்கு மாற்றினால் 1 தொடாமல் இருக்கும். “இரண்டும்” என்ற நிலையில் விட்டுவிட்டால் சுவிட்ச் வைத்த பயனே இல்லை. செலவு வேண்டாமென்றால் லித்தியம் ஜம்ப் பேக் ஒன்று, முந்தின நாள் சார்ஜ் செய்தது. குளிர்பெட்டிக்குப் பதில் ஐஸ்.

கிளம்பும்போது பில்ஜ் புளோவரை (எஞ்சின் பெட்டியின் காற்றை வெளியேற்றும் விசிறி) முழுதாக நாலு நிமிஷம் ஓட்டுங்கள். நாள் முழுக்க வெயிலில் கிடந்த எஞ்சின் பெட்டியில் பெட்ரோல் ஆவி சேர்ந்திருக்கும். அவசரத்தில் இதைத்தான் முதலில் விடுவார்கள். ஸ்டெர்ன்டிரைவ் படகு தீப்பிடிப்பது பெரும்பாலும் இந்த நேரத்தில்தான்.

இன்னொன்று மில்ஃபாயில். எஞ்சினுக்குக் குளிர்நீர் எடுக்கும் துளைகள் கீழ்ப்பகுதியில் இருக்கின்றன. பாசி அதை மூடினால் வெப்பமானி ஏறும். வழக்கமாக 160, 170 டிகிரி ஃபாரன்ஹீட்டில் நிற்கும் முள் 190-ஐத் தாண்டினால் உடனே நியூட்ரல். சில விநாடி ரிவர்ஸ் கொடுத்தால் புரொப்பெல்லரில் சுற்றிய பாசி பெரும்பாலும் கழன்றுவிடும். குறையாவிட்டால் எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, டிரைவை மேலே தூக்கிப் பிடுங்கி எடுக்க வேண்டும். சாவி பொருத்தியே இருக்கும்போது புரொப்பெல்லர் பக்கம் கை போகக் கூடாது. சூடான எஞ்சினை அப்படியே ஓட்டினால் தண்ணீர் பம்பின் ரப்பர் இம்பெல்லர் உருகிவிடும், பிறகு இழுத்துப் போகத்தான் ஆள் தேட வேண்டும்.

பாய்மரம்47:
கழிப்பறை பற்றி யாரும் எழுதவில்லை. எட்டுப் பேர், எட்டு மணி நேரம். 5 காலன் கொள்ளளவுள்ள எடுத்துச்செல்லும் கழிப்பறை ஒன்றும், நிமிர்த்தினால் நிற்கும் கூடாரத் துணி ஒன்றும் போதும். பியூஜெட் சவுண்ட் கடற்பகுதி முழுவதும், வாஷிங்டன் ஏரி, லேக் யூனியன் உட்பட, 2018 முதல் கழிவு வெளியேற்றத் தடைப் பகுதி. சுத்திகரித்த கழிவைக்கூட ஏரியில் விட முடியாது. தொட்டி உள்ள படகுக்காரர்கள் வியாழக்கிழமையே பம்ப்-அவுட் (தொட்டியைக் காலி செய்வது) முடித்துவிடுங்கள், ஞாயிறு மாலை அங்கே நிற்கும் வரிசை பொறுமையைச் சோதிக்கும்.

அதே வார இறுதியை ஒட்டி எலியட் பேயில் கடற்படைக் கப்பல் பார்க்க உப்புநீர்ப் பக்கம் போகிறவர்களுக்கு: கடற்படைக் கப்பலிலிருந்து 500 கெஜத்துக்குள் மிகக் குறைந்த வேகம், 100 கெஜத்துக்குள் அனுமதியில்லாமல் போகவே கூடாது. ஏரிக்கும் கடலுக்கும் இடையே படகை ஏற்றி இறக்கும் பாலார்ட் லாக்கில் பொழுதுபோக்குப் படகுகளுக்குத்தான் கடைசி முறை. இரண்டு 50 அடிக் கயிறு, ஒரு முனையில் 12 அங்குலக் கண்ணி போட்டு வைத்திருங்கள், இரு பக்கமும் ஃபெண்டர்.

தெற்கேரி:
தடை எவ்வளவு தூரம், எதற்காக என்று புரிந்தால் கோபம் வராது. ஹைட்ரோபிளேன்களில் பெரும்பாலானவை சினூக் ஹெலிகாப்டரின் லைகாமிங் டி55 டர்பைனில் ஓடுகின்றன. நேர்ப்பாதையில் மணிக்கு 200 மைலைத் தொடும். அந்த வேகத்தில் உடல் தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் பறக்கிறது. பக்கத்தில் போன படகின் முழங்கால் உயர அலை ஒன்று, மிதக்கும் ஒரு பீர் கேன், எதுவும் அதைக் கவிழ்க்கப் போதும். பந்தயத்துக்கு நடுவே தண்ணீர் அடங்கட்டும் என்று அவர்கள் காத்திருப்பதைப் பார்க்கலாம். 1951-ல் இந்தப் பந்தயம் சியாட்டிலுக்கு வந்த நாளிலிருந்து கரையும் படகுக் கூட்டமும் சேர்ந்தே அதைக் கட்டிக்காத்து வருகின்றன. ரோந்துப் படகு ஹாரனை அடுத்தடுத்துக் குட்டையாக அடித்தால் “நில்” என்று பொருள். உங்களைத்தானா என்று யோசிக்காமல் உடனே நியூட்ரல் போட்டுவிட்டுத் திரும்பிப் பாருங்கள். குப்பை ஒன்றுகூடப் பறக்கவிடாதீர்கள்.

எல்லோரும் உள்ளே வருவதைப் பற்றியே பேசுகிறோம். கடினமான நேரம் திரும்பும் நேரம்தான். பந்தயம் முடிந்ததும் எல்லாப் படகும் ஒரே சமயத்தில் 7 மைலுக்குள் நகர வேண்டும், பாலத்தின் உயரப் பகுதிக்கு அடியில் வரிசை குறுகும். களைத்த ஓட்டுநர், வெயில் குடித்த பயணிகள், நேர் எதிரே தாழ்ந்த சூரியன். உடனே கிளம்பாதீர்கள். ஒன்றரை மணி நேரம் நங்கூரத்திலேயே இருந்து சாப்பிட்டுவிட்டு வந்தால் ஏரி காலியாகியிருக்கும். ஆகஸ்ட் தொடக்கத்தில் சூரியன் மறைய 8:40 ஆகும், அவகாசம் இருக்கிறது. ஆனால் பின்னால் செருகும் வெள்ளை விளக்குக் கம்பை வீட்டில் விட்டுவிட்டு வருவது இங்கே வழக்கமாக நடக்கிறது. காலையிலேயே செருகி, சிவப்பு, பச்சை, வெள்ளை மூன்றும் எரிகிறதா என்று பாருங்கள்.

கிர்க்லாந்துக்காரன்:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. இப்படி முடிவு செய்திருக்கிறேன், தவறு இருந்தால் சொல்லுங்கள். சனிக்கிழமை மட்டும், பிள்ளைகளோடு, பாலத்துக்கு வடக்கே. எல்லையிலிருந்து கால் மைல் தள்ளி. ஆழமாக இருப்பதால் நங்கூரம் இல்லாமல் மிதப்போம், ஒருவர் எப்போதும் ஸ்டியரிங்கில். பிள்ளைகள் தண்ணீரில் இறங்க வேண்டுமென்றால் சாகசம் முடிந்த பிறகு பெல்வியூவின் மெய்டன்பவர் பே பக்கம் போய், 200 அடிக் கயிற்றோடு நங்கூரமிட்டு, எஞ்சினை அணைத்துவிட்டு. இரண்டாவது பேட்டரி இந்த வாரம் போடுகிறேன். சேனல் 16-க்கு ஒரு கையடக்க ரேடியோ வாங்குகிறேன். ஞாயிறு பந்தயத்துக்குப் பெரியவர்கள் மட்டும் ரென்டன் வழியாக.

பெல்வியூ_அம்மணி:
நல்ல திட்டம் தம்பி. மிதக்கும்போது எஞ்சின் விட்டுவிட்டு ஓடும் என்பதால் அந்த நேரம் முழுக்கப் பின்படிக்கு யாரையும் விடாதீர்கள். நிழலுக்கு பிமினி (மடக்குத் துணிக்கூரை) இல்லையென்றால் பிள்ளைகளுக்கு நீளக்கைச் சட்டை. ஜெட் சத்தத்துக்குக் காது மூடியும் எடுத்துக்கொள்ளுங்கள், சின்னவனுக்குக் கட்டாயம் தேவைப்படும்.

டீசல்வாசம்:
ஞாயிற்றுக்கிழமை ரென்டனிலிருந்து வந்தால் செவார்டு பார்க்கின் கிழக்குக் கரை செங்குத்தாக இறங்குகிறது. அங்கே நங்கூரத்துக்கு 200 அடியும் போதாத இடங்கள் உண்டு. ஆழமானியைப் பார்த்து 35 அடிக்குள் கிடைத்தால் மட்டும் போடுங்கள், இல்லையென்றால் அங்கேயும் மிதப்பதுதான்.

நங்கூரக்கயிறு:
புதுக் கயிற்றைப் பெட்டிக்குள் சுருட்டுவதற்கு முன் அதன் கடைசி முனையைப் பெட்டிக்குள் இருக்கும் வளையத்தில் முடிச்சுப் போட்டுவிடுங்கள். கடையிலிருந்து வந்தபடியே போட்டுவிட்டு, 200 அடியும் ஓடி முடிந்ததும் முனையும் சேர்ந்து தண்ணீருக்குள் போவது ஒவ்வொரு வருஷமும் நடக்கிறது. சங்கிலியோடு சேரும் ஷேக்கிள் என்ற இணைப்பு வளையத்தின் திருகைக் கம்பி போட்டுக் கட்டுங்கள். ஆட்டத்தில் அது தானாகவே கழலும்.